புறநகர் முதலீடு: குடிவருபவரே உரைகல்

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நடுத்தரக் குடும்பம், தான் குடியிருக்கும் வீட்டுக்கு அப்பால், வாடகை வருவாயையும் பிற்கால விலையேற்றத்தையும் எதிர்பார்த்து முதன்முதலாக ஒரு வீட்டை வாங்க எண்ணும்போது, சென்னை நகருக்குள் விலை கைக்கு எட்டாமல் இருப்பதால், அதன் தேடல் பெரும்பாலும் புறநகரில்தான் தொடங்குகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று செங்கல்பட்டு வரை, மின்சார ரயில் தடத்தையும் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் தேசிய நெடுஞ்சாலையையும் ஒட்டி நீளும் ஊர்கள் இத்தேடலின் முதன்மைக் களங்களாகியிருக்கின்றன. இவ்வூர்களில் வீடு வாங்குவது சரியா, தவறா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால், எந்த அளவுகோலைக் கொண்டு அம்முடிவை எடுப்பது என்பதற்குத் தெளிவான விடை உண்டு. முதலீட்டுக்காக வாங்கப்படும் வீட்டின் மதிப்பை இறுதியில் உறுதிசெய்பவர், அங்கே மாதந்தோறும் வாடகை செலுத்திக் குடியிருக்கப்போகும் மனிதரே. அவருக்கு அந்த வீடு வாழத் தகுந்ததாக இல்லாவிட்டால், குறைந்த விலைக்குக் கிடைத்தது என்பது அதன் சிறப்பாகாது.

ஏற்கெனவே குவிந்துள்ள செல்வம்

இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017இல் அளித்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 விழுக்காடு நிலமும் கட்டடமுமாகவும், 11 விழுக்காடு தங்கமாகவும் இருக்க, வங்கி வைப்பு, பங்கு, ஓய்வூதிய நிதி போன்ற நிதிச் சொத்துகளின் பங்கு வெறும் 5 விழுக்காடாகவே இருந்தது. சொந்த வீட்டில் ஏற்கெனவே பெருந்தொகையை முடக்கிவிட்ட குடும்பம், அதே நகரத்தில், அதே சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்ட இரண்டாவது வீட்டையும் கடன் பெற்று வாங்கும்போது, அதன் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே வகைச் சொத்தில் சிக்கிக்கொள்கிறது. மருத்துவச் செலவோ கல்விச் செலவோ திடீரென நேரும்போது, வைப்புநிதியை உடைப்பதைப்போல வீட்டின் ஓர் அறையை மட்டும் விற்றுவிட முடியாது. முதலீட்டு வீட்டைக் குறித்த எந்தக் கணக்கும் இந்தத் தடையை, அதாவது வேண்டிய நேரத்தில் பணமாக்க இயலாமையை, முதற்செலவாகக் கருத வேண்டும்.

வாடகையும் தவணையும்

விலை, கடன், வாடகை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவுகளே பின்னாளில் சுமையாக மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, கட்டி முடிக்கப்பட்ட புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் விலை ரூ.40 லட்சம் எனக் கொள்ளலாம். கட்டுநரிடமிருந்து முதன்முறை விற்கப்படும் ரூ.50 லட்சம் வரையிலான குடியிருப்புகளுக்கு, 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, முத்திரைத்தீர்வை 4 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் செலுத்த வேண்டியிருப்பதால், ரூ.2.40 லட்சம் கூடுதலாகிறது; கட்டி முடிப்பதற்கு முன்பே வாங்கினால் சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். ரூ.30 லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.26,000 ஆகும், எஞ்சிய ரூ.12.40 லட்சம் குடும்பத்தின் கையிருப்பிலிருந்து செல்கிறது.

இந்த வீட்டுக்கு மாதம் ரூ.12,000 வாடகை கிடைப்பதாகவும், ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருப்பதாகவும், சொத்து வரி, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ரூ.20,000 செலவாவதாகவும் கொண்டால், கையில் நிற்கும் நிகர வாடகை ரூ.1.12 லட்சமே. மொத்தச் செலவான ரூ.42.40 லட்சத்தில் இது 2.6 விழுக்காட்டுக்குச் சற்றே மிகுதி. முதலாண்டில் வங்கிக்குச் செலுத்தும் வட்டி மட்டுமே ரூ.2.53 லட்சம். அதனுடன், கையிருப்பிலிருந்து போட்ட தொகை 7 விழுக்காடு வட்டி தரும் வைப்புநிதியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ரூ.87,000ஐயும் சேர்த்து, நிகர வாடகையைக் கழித்தால், அக்குடும்பம் ஓராண்டில் இழப்பது ஏறத்தாழ ரூ.2.28 லட்சம். எனவே, அந்த வீட்டின் விலை ஆண்டுக்கு 5.7 விழுக்காடு உயர்ந்தால்தான் தொடக்க ஆண்டில் இலாபமும் இழப்பும் இல்லாத நிலையே எட்டப்படும். இதிலும், விற்கும்போது நீண்டகால மூலதன ஆதாயத்துக்குச் செலுத்த வேண்டிய 12.5 விழுக்காடு வரி கணக்கில் சேர்க்கப்படவில்லை.

வாடகை ஆண்டுதோறும் உயரும், தவணையோ மாறாது என்னும் வாதம் ஓரளவு உண்மையே. ஆயினும், மேற்கண்ட வாடகை ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் தொடர்ந்து உயர்ந்தாலும், அது மாதத் தவணையை எட்ட ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆகும். தவணை மாறாது என்பதும் உறுதியன்று. ரெப்போ விகிதத்துடன், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் அளிக்கும் வட்டி விகிதத்துடன் இணைக்கப்பட்ட கடன்களில், அவ்விகிதம் உயரும்போது தவணை உயரும் அல்லது கடன் காலம் நீளும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே அது 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. ரூ.30 லட்சம் கடனுக்கு 7 விழுக்காட்டில் ரூ.23,260 ஆக இருக்கும் 20 ஆண்டுத் தவணை, 9.5 விழுக்காட்டில் ரூ.27,960ஐ நெருங்கும். இந்த ஏற்றத்தைத் தாங்கும் வலு சம்பளத்தில் இல்லையெனில், முதலீடு எனத் தொடங்கியது குடும்பத்தின் அன்றாடச் செலவைக் குறைக்கும் கடனாகிவிடும்.

வருமான வரிச் சலுகையை நம்பி இத்தகைய வீட்டை வாங்குவதும் இப்போது பொருந்தாது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியால் ஏற்படும் இழப்பில், பழைய வரி முறையில் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை மட்டுமே சம்பள வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிகிறது. புதிய வரி முறையிலோ அந்த இழப்பைச் சம்பளத்துடன் ஈடுசெய்யவே வழியில்லை.

தேய்வதும் வளர்வதும்

விலையேற்றம் என்று பொதுவாகப் பேசப்படுவதன் உள்ளே இரு வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. மதிப்பு கூடுவது அதன் கீழுள்ள நிலத்துக்கே. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய நிலப் பங்கு, எல்லை பிரித்துக் காட்டப்படாமல் பொதுவில் இருப்பதால், பிரிபடாத பங்கு என்றும், பேச்சுவழக்கில் யூ.டி.எஸ். என்றும் வழங்கப்படுகிறது. ஒரே விலையுள்ள இரு வீடுகளில், ஒன்று 450 சதுர அடி நிலப் பங்கும் மற்றொன்று 250 சதுர அடி நிலப் பங்கும் கொண்டிருந்தால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் நிலை வரும்போது அவ்விரண்டின் மதிப்பும் ஒன்றாக இராது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எனச் சிறு நிலத்தில் உயர எழுப்பப்படும் குடியிருப்புகளில், மாதப் பராமரிப்புக் கட்டணம் மிகுந்தும் நிலப் பங்கு குறைந்தும் இருப்பதை, வாடகைக்கு விட எண்ணுபவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மனையாக வாங்கினால் முழு நிலமும் சொந்தமாகும் என்பது மெய்யே. எனினும், கடனுக்கு மாதந்தோறும் வட்டி செலுத்த வேண்டிய குடும்பத்துக்கு, வாடகை எதுவும் ஈட்டாத வெற்று மனை மேலும் கனத்த சுமையாகும்.

குடிவருவோர் யார்?

ஒரு புறநகரின் வாடகைச் சந்தையை அறிய, அங்கே எத்தனை வீடுகள் விற்பனைக்கு உள்ளன என்பதைவிட, எவ்வகை மனிதர்கள் எந்தக் காரணத்துக்காக அங்கே குடியிருக்க விரும்புகிறார்கள் என்பதே முதலில் ஆராயப்பட வேண்டும். தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் மின்சார ரயிலில் நகருக்குச் சென்று திரும்பும் ஊழியர்கள், காட்டாங்குளத்தூர் வட்டாரத்தின் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும், மறைமலைநகர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள், மகிந்திரா வேர்ல்டு சிட்டியின் மென்பொருள் பணியாளர்கள் எனப் பல பிரிவினர் வாடகை வீடு தேடுகிறார்கள். இப்பன்மையே இத்தடத்தின் வலிமை. ஆனால், ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள வீட்டுக்கும், அதே ஊரின் பெயரைத் தாங்கியபடி உட்புறத்தில் பல கிலோமீட்டர் தள்ளி, இரவில் ஷேர் ஆட்டோவும் கிடைக்காத இடத்தில் அமைந்த வீட்டுக்கும் வாடகைத் தேவை ஒன்றாக இருப்பதில்லை. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கின்றன. குடிவருபவர்கள் அவ்வாறு மயங்குவதில்லை.

ஒரே நிறுவனத்தை நம்பிய வாடகைச் சந்தையின் ஆபத்தையும் இத்தடமே காட்டியிருக்கிறது. 1990களில் மறைமலைநகருக்கு வந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் அங்கே உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை அது 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசிடம் தெரிவித்தது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளர்களை மட்டுமே நம்பி வீடு வாங்கிய ஒருவரின் வங்கித் தவணை அதற்காகக் காத்திருந்திருக்காது. பல துறையினர் கலந்து வாழும் இடமே முதலீட்டாளருக்குப் பாதுகாப்பானது.

வரப்போகும் திட்டங்களை நம்பி விலை கொடுப்பதும் இதே எச்சரிக்கையை வேண்டுகிறது. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட புறநகர்ப் பேருந்து முனையம், 2023 டிசம்பர் 30 அன்றுதான் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ ரயிலை நீட்டிக்கும் திட்டமும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஒரு திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலேயே விற்பவர் அதன் பயனை விலையில் ஏற்றிவிடுகிறார். வாங்குபவரோ அத்திட்டம் நிறைவேறும் வரை வட்டியை மட்டும் செலுத்திக்கொண்டிருக்கிறார். இன்று இயங்கும் ரயிலுக்கும் பேருந்துக்கும் மட்டுமே விலை கொடுப்பதும், நாளைய மெட்ரோவை மிகைப் பயனாகக் கருதுவதும் நேரிய அணுகுமுறையாகும்.

வெள்ளமும் குடிநீரும்

குடிவருபவர் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் முதல் இரு கேள்விகள், தண்ணீர் வருமா, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்பவையே. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் நீரைச் சுமந்து செல்லும் அடையாற்றின் கரையோரப் பகுதிகளான முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகள் வெள்ளத்தைக் கண்டன. ஏரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிரம்பி வழிந்து ஆற்றைச் சேரும் அமைப்பின் மீது எழுந்த ஊர்கள் இவை. ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் கலங்கலிலிருந்து செல்லும் வாய்க்காலும் மனைகளாக மாறிய இடங்களில், நீர் தன் பழைய வழியையே நாடுகிறது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு, அதாவது ஒரு கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் நன்செய், புன்செய், ஏரி, ஓடை, புறம்போக்கு என எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் பதிவேடு, இந்த வரலாற்றை ஓரளவு வெளிப்படுத்தும். ஆனாலும் அதைவிட நம்பகமான சான்று, அந்தத் தெருவில் பத்தாண்டுகளாக வாழும் மக்களின் நினைவிலும், சுவர்களில் எஞ்சியிருக்கும் வெள்ளத்தின் கறையிலும் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறையும், சித்திரைக் கோடையில் ஒருமுறையும் பாராமல் இப்பகுதியில் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது முறையன்று. மழையில் தெருவின் தன்மையும், கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் நிலையும், லாரித் தண்ணீருக்காகும் செலவும், பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் கழிவுநீர்த் தொட்டியை அடிக்கடி காலிசெய்ய நேரும் துன்பமும் அப்போதுதான் தெரியவரும்.

ஆவணத்தின் வேர்

அண்மைக்காலம் வரை விளைநிலமாக இருந்து மனைகளாக மாறிய பகுதிகளில், உரிமை ஆவணங்களின் ஆய்வு நகரின் பழைய குடியிருப்புகளைவிடக் கூடுதல் கவனத்தைக் கோருகிறது. வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மீது பதிவு செய்யப்பட்ட விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்றவற்றின் பட்டியல். பதிவு செய்யப்படாத உயிலோ, பாகம் கோரும் வாரிசின் உரிமையோ அதில் தென்படாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமான பெண்களுக்கு அச்சட்டம் பங்கு அளிக்கவில்லையெனினும், 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. பூர்வீக நிலத்தை ஆண் வாரிசுகள் மட்டும் கையொப்பமிட்டு விற்ற தாய்ப் பத்திரங்கள் பின்னாளில் வழக்குக்கு இடமளிப்பது இதனாலேயே. பொது அதிகார ஆவணத்தின் பேரில் மட்டும் கைமாறிய சொத்தில் உரிமை மாற்றம் நிகழ்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியிருப்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்ததும் இப்பகுதி மக்கள் நன்கறிந்த வரலாறு. விலை குறைவாகச் சொல்லப்படும் ஒரு மனையோ வீடோ, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதா, ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தை மட்டும் கொண்டதா என்பதை அறிவது இன்றும் முதற்கடமையாகும்.

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தபின், வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அக்கட்டுமானத்துக்கே செலவிட வேண்டும் என்பதும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பதும், ஐந்தாண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்பதும் கட்டாயமாயின. ஆனால், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளைக் கொண்டோ அமையும் கட்டடங்கள் இச்சட்டத்தின் பதிவுக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்குச் சற்றே மிகுதி. புறநகர்த் தெருக்களில் ஒரு கிரவுண்டு மனையில் ஆறு வீடுகளாக எழும் சிறு அடுக்ககங்கள், விலை குறைவின் காரணமாக முதன்முறை முதலீட்டாளரை ஈர்ப்பவை, பெரும்பாலும் இவ்விலக்கின் கீழ் வருபவையே. பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் மனிதருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு குறைந்து கிடைப்பது இந்த ஏற்பாட்டின் பெருங்குறையாகும்.

அரசின் கடமை

தனிமனித எச்சரிக்கையால் மட்டும் இக்குறைகள் தீர்ந்துவிடா. முதலாவதாக, ஒரு புல எண்ணைக் கொண்டு தேடினால், பதிவுத் துறையின் வில்லங்க விவரம், வருவாய்த் துறையின் பட்டாவும் நில வகைப்பாடும், திட்ட அனுமதி, நிலுவையிலுள்ள வழக்கு, கடந்த வெள்ளங்களில் அவ்விடத்தில் நின்ற நீரின் உயரம் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் கிடைக்கும் ஏற்பாட்டை அரசு உருவாக்க வேண்டும். இவ்விவரங்களுள் பெரும்பாலானவை வெவ்வேறு துறைகளிடம் சிதறிக் கிடப்பதால், அவற்றைத் திரட்டுவதற்கே வாங்குபவர் இடைத்தரகரை நாட வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக, எட்டு வீடுகளுக்கு உட்பட்ட சிறு கட்டடங்களுக்கும் எளிய நடைமுறையுடன் கூடிய கட்டாயப் பதிவைக் கொண்டுவர வேண்டும். மூன்றாவதாக, 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தங்களை எழுத்து வடிவில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுமாறு கூறுகிறது. அவ்வாறு திரளும் விவரங்களிலிருந்து, தனிநபர் அடையாளங்களை நீக்கி, ஊர்வாரியான சராசரி வாடகையை ஆண்டுதோறும் வெளியிட்டால், விற்பவர் கூறும் கற்பனை வாடகையை மெய்யான வாடகையோடு எவரும் ஒப்பிட முடியும்.

வீட்டைப் பூட்டி வைக்காமல் வாடகைக்கு விடுவதில் சமூக நலனும் அடங்கியுள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.11 கோடி வீடுகள் ஆளின்றிக் காலியாக இருந்தன. விலையேற்றத்தை மட்டும் எதிர்பார்த்துப் பூட்டி வைக்கப்படும் ஒவ்வொரு வீடும், வாடகைக்கு இடம் தேடும் ஒரு குடும்பத்தை நகரிலிருந்து மேலும் தொலைவுக்குத் தள்ளுகிறது. வாழத் தகுந்த வீட்டை நேர்மையான வாடகைக்கு விடுபவர், தம் வருவாயோடு நகரின் தேவையையும் ஒருசேர நிறைவு செய்கிறார்.

ஆகவே, மேற்கண்ட கணக்கைப்போல வாடகை தவணையில் பாதியையும் எட்டாத நிலையில், பெருங்கடன் பெற்றுப் புறநகர் அடுக்ககத்தை முதலீடாக வாங்குவதை நடுத்தரக் குடும்பம் தவிர்ப்பதே நலம். சொந்தச் சேமிப்பு விலையில் ஏறத்தாழப் பாதியை ஈடுசெய்து, நிகர வாடகை வட்டியின் பெரும்பகுதியைச் சுமந்து, ஆறு மாதம் வீடு காலியாக இருந்தாலும் தவணை தடைபடாத அளவுக்குக் கையிருப்பும் இருக்குமாயின், ரயில் நிலையத்துக்கு அருகில், வெள்ளம் காணாத தெருவில், தெளிந்த ஆவணமும் போதிய நிலப் பங்கும் கொண்ட சிறிய வீட்டை வாங்குவது நியாயமான முதலீடாகும். இந்நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று நிறைவேறாத இடத்தில், விற்பவர் காட்டும் விலைக்குறைப்பு எவ்வளவு பெரிதாயினும், முன்பணம் செலுத்தாமல் சேமிப்பைத் தொடர்வதே குடும்பத்தின் எதிர்காலத்துக்குப் பொறுப்பான முடிவாகும்.